சுண்ணாம்பு போட்ட தபால்பை

எங்கள் ஊரில் நான் பதினோரு நாள் வீராங்கனையாக இருந்தேன். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பன்னிரண்டாம் நாள் தீபாவளி வந்தது. யாரோ விட்ட ராக்கெட் எஸ்டேட் மேனேஜர் ஜீப்பின் கூரையில் போய் இறங்கியது. ஊர் அதைப் பேசப் போய்விட்டது. ஆனால் அந்தப் பதினோரு நாளும் நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண் பிள்ளை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, டீக்கடை வாசலில் நின்று, காசு கொடுக்காமல் பன் கேட்பாள். டீக்கடை பாயும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற பஸ், நாகலூர் தாண்டியும் கொஞ்ச தூரம் காப்பித் தோட்டங்களுக்குள் வளைந்து வளைந்து இறங்கும். அந்த ரோடு முடிகிற இடத்தில் எங்கள் ஊர். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அம்மா போஸ்ட்மாஸ்டர். எங்கள் வீட்டின் முன்னறைதான் போஸ்டாபீஸ். ஒரு மேஜை, ஒரு தராசு, தேதி முத்திரை, அரக்கு உருக்கும் சின்ன விளக்கு, சிவப்புப் பெட்டி. ஊரே அம்மாவை போஸ்டம்மா என்றுதான் கூப்பிடும். அம்மாவின் தங்கை, என் சித்தி, பன்னிரண்டாவது முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். பெரியவர்கள் எல்லாரும் இப்படி ஏதோ ஒரு வேலையாக இருந்ததால், வீட்டில் சும்மா இருந்து எல்லாவற்றையும் கவனிக்கும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது.

அந்த வருஷம் அமெரிக்காவில் யாரோ கடித உறைக்குள் வெள்ளைப் பவுடர் வைத்து அனுப்புகிறார்கள், பிரித்தவர்கள் சாகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் மலையில் முதலில் யாரும் அதற்காகப் பயப்படவில்லை. அமெரிக்காவிலிருந்து எங்கள் ஊருக்குக் கடிதம் போட ஆள் கிடையாது. பிறகு நம் நாட்டிலேயே அங்கங்கே பவுடர் வைத்த உறைகள் வருவதாகவும், பாதிக்குமேல் யாரோ வம்புக்குச் செய்தது என்றும் பேப்பரில் போட்டார்கள். அப்போதும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயத்தைக் கொண்டுவந்து எங்கள் ஊரில் இறக்கியவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்தான். ஏற்காட்டிலிருந்து மாடுகளுக்கு ஊசி போட வந்தவர், டீக்கடையில் உட்கார்ந்து விவரம் தெரிந்தவராகச் சொல்லிவிட்டுப் போனார்.

“ஆந்த்ராக்ஸுன்னா என்னமோ ஏதோன்னு நெனைக்காதீங்க. நம்ம மாட்டுக்கு வருதுல்லீங்க அடைப்பான், அதேதான்.”

அவ்வளவுதான். ஆந்த்ராக்ஸ் யாரென்று தெரியாத எங்கள் ஊருக்கு அடைப்பான் யாரென்று நன்றாகத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் மஞ்சக்குட்டை கிராமத்தில் என் பெரியப்பாவின் மாடு அடைப்பான் வந்து செத்தது. சாயங்காலம் வரைக்கும் மேய்ந்த மாடு, காலையில் வயிறு உப்பி, மூக்கில் ரத்தம் வடியக் கிடந்தது. லீவுக்குப் போயிருந்த நான் அதைப் பார்த்தேன். இதே கம்பவுண்டர் வந்துதான், யாரும் மாட்டைத் தொடக் கூடாது, தோலுக்கு ஆசைப்பட்டுக் கத்தி வைக்கக் கூடாது என்று கத்தினார். ஆளுயரத்துக்கு மேல் குழி வெட்டி, மாட்டை உள்ளே தள்ளி, மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புத் தூளைக் கொட்டச் சொன்னார். ஏன் என்று நான் கேட்டேன். இந்தக் கிருமி எதுக்கும் அடங்காது கண்ணு, சுண்ணாம்புக்குத்தான் அடங்கும் என்றார். நான் அதை அப்படியே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த எதையும் அவ்வளவு கவனமாக நான் எழுதி வைத்ததில்லை.

கம்பவுண்டர் போன மறுநாளிலிருந்து எங்கள் போஸ்டாபீஸின் மரியாதை போய்விட்டது. கடிதம் வந்திருக்கிறது என்று கூப்பிட்டால், நாளைக்கு வர்றேனுங்க என்று சொல்லிவிட்டு ஆள் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். ஒரு அத்தை அடுப்பிலிருந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்து, கடிதத்தை அதில் பிடித்துக்கொண்டு போனாள். பாய் தன் மகன் சேலத்திலிருந்து போட்ட கார்டை வாசலில் கல்லுக்கு அடியில் வைத்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டார். கார்டில் பவுடர் வைக்க இடம் ஏது என்று அம்மா கேட்டதற்கு, எதுக்குங்க வம்பு என்றார். கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற அண்ணனுக்குத் திடீரென்று இடுப்பு வலி வந்து, லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் பையைப் பிரிப்பது, முத்திரை குத்துவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அம்மா தலையில் விழுந்தது.

அம்மா ஒன்றுக்கும் அசரவில்லை. வெறுங்கையால்தான் எல்லாக் கடிதத்தையும் தொட்டாள். அதைவிட மோசம், தபால்தலையை நாக்கில் தொட்டுத்தான் ஒட்டினாள். அதற்கென்று ஒரு ஸ்பாஞ்சும் தண்ணீர்க் கிண்ணமும் மேஜையில் இருந்தன. கிண்ணத்தில் அம்மா குண்டூசி போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவை அம்மா நாக்கை நீட்டும்போதும் எனக்குப் பெரியப்பாவின் மாடு ஞாபகம் வந்தது. அம்மா வயிறு உப்பிக் கிடப்பதை நினைத்து நினைத்துப் பார்த்து, சாப்பாடு இறங்காமல் போனது. வேண்டாம்மா, இந்த வேலையே வேண்டாம் என்று ஒரு நாள் அழுதேன். சாமி, தபால் வேலைக்கு வந்துட்டுத் தபாலைத் தொடமாட்டேன்னா எப்படி என்று சொல்லிவிட்டு அம்மா இன்னொரு தபால்தலையை நாக்கில் வைத்தாள். சொல்லிக் கேட்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோனது. இனி நான்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

எங்களுக்கும் டவுனுக்கும் நடுவே போய்வந்தது ஒரே ஒரு காக்கிப் பைதான். மத்தியான பஸ்ஸில் எங்கள் ஊர்க் கடிதங்களை வயிற்றில் வாங்கிக்கொண்டு ஏற்காடு போகும். மறுநாள் காலை பஸ்ஸில் வெளியூர்க் கடிதங்களோடு திரும்பி வரும். பழைய பை. பக்கவாட்டுத் தையல் விட்டுப்போய், அம்மா கோணி ஊசியால் தைத்துத் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். புதுப் பை கேட்டு மூன்று தடவை எழுதிப்போட்டும் பதில் இல்லை. அந்தப் பைக்குள் சுண்ணாம்பைப் போட்டுவிட்டால், மறுநாள் அதில் வருகிற கடிதம் எல்லாம் சுண்ணாம்பில் புரண்டுதான் வரும். கிருமி வழியிலேயே செத்துப்போகும். அம்மா தாராளமாக நக்கலாம். இதைக் கண்டுபிடித்தபோது என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். சுண்ணாம்புக்கும் பஞ்சமில்லை. எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குப் போடுகிற சுண்ணாம்புத் தூள் அரை மூட்டை, எங்கள் விறகுக் கொட்டகையிலேயே கிடந்தது.

நல்ல நாள் பார்த்ததுபோல ஒரு சனிக்கிழமையைப் பிடித்தேன். பள்ளிக்கூடம் லீவு. ஆனால் அந்தச் சனிக்கிழமைதான் சித்தியின் கவரும் போகிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

சித்திக்குச் சேலத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் சொந்தத்திலேயே மலையிறங்கிப் படிக்கப்போகிற முதல் பெண் அவள்தான். அசல் சான்றிதழ்களைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், செவ்வாய்க்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது. மார்க் ஷீட்டு இரண்டு, டி.சி., அப்பாவும் சித்தியும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி எட்டு மாதத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ், எல்லாவற்றையும் நீளக் கவரில் வைத்து ஒட்டினார்கள். சித்தி அதைக் கண்ணில் ஒற்றி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அக்காவாக வாங்கவில்லை, போஸ்ட்மாஸ்டராக வாங்கினாள். எடை போட்டாள், நம்பர் போட்டாள், ரசீது எழுதித் தங்கை கையில் கொடுத்தாள்.

உள்ளே பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து போனாள். நான் பாவாடை மடிப்பில் வைத்திருந்த இரண்டு கைப்பிடி சுண்ணாம்பைப் பைக்குள் கொட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாகத் தராசோடு விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பி வந்து, பேசிக்கொண்டே கடிதங்களைப் பைக்குள் வைத்து, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தாள். இரண்டரை மணி பஸ்ஸில் பை ஏறிப் போனது. நான் நிம்மதியாக இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

நாலு மணிக்கு ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. டிரைவர் இறங்கக்கூட இல்லை.

“போஸ்டம்மா, உங்க பையில பவுடர் இருக்குதுங்களாம்! பஸ் ஸ்டேண்டே காலியாயிருச்சுங்க. பையை எரிக்கப் போறாங்க!”

சித்தி சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள். கையில் கழுவின பாத்திரம் அப்படியே இருந்தது. அம்மா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். அப்பா மேல் தோட்டத்தில் இருந்தார், அவருக்குச் சொல்லி அனுப்ப நேரமில்லை. என்னைத் தனியாக விட முடியாமல் என்னையும் ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள். வளைவுகளில் மற்றவர்களுக்கு வாந்தி வந்தால் அது ரோட்டினால். எனக்கு வந்தது வேறு காரணத்தினால்.

பஸ் ஸ்டாண்டில் நாங்கள் பார்த்த காட்சி இது. எங்கள் ஊர் பஸ் கதவு திறந்தபடி அநாதையாக நிற்கிறது. அதற்குப் பத்தடி தள்ளி, நட்ட நடுவில், எங்கள் காக்கிப் பை. வளைவுகளில் குலுங்கி அதன் தையல் வழியாகச் சுண்ணாம்பு கசிந்து, கண்டக்டரின் பேன்ட் முழுக்க வெள்ளையாகியிருக்கிறது. அவர் பேன்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு யாரோ கொடுத்த லுங்கியோடு, யாரும் பக்கத்தில் வராத ஒரு மூலையில் உட்கார்ந்து அழுகிறார். கடைகள் எல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டன. சுற்றுலா வந்தவர்கள் கார்களுக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பைக்குக் கிட்டே யாரும் போகக் கூடாது என்று சுற்றிலும் ஒரு பெரிய வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். எதனால் என்றால், சுண்ணாம்புத் தூளால்.

நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே இருப்பதும் அதுதான், உள்ளே இருப்பதும் அதுதான். ஊரே வட்டத்துச் சுண்ணாம்பைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு, பைச் சுண்ணாம்பைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒருவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்திருந்தால் போதும். கிட்டே போகத்தான் ஆள் இல்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்த சப்-இன்ஸ்பெக்டர் லத்தியைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், இதைச் செஞ்சவன் மட்டும் கையில மாட்டட்டும், ஏழு வருஷம் களி திங்க வெச்சுருவேன் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். பத்தும் ஏழும் பதினேழு. பதினேழு வயதில் ஆறாம் வகுப்பில் போய் உட்கார முடியாது.

பையை எரித்துவிடுவது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். மண்ணெண்ணெய் கேன் வந்துவிட்டது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முன்னால் நின்றாள்.

“முத்திரை வெச்ச பைங்க. அதுக்குள்ள ரிஜிஸ்டர் தபால் இருக்குது. அதை எரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லீங்க. எனக்கும் இல்லீங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அவரும் பயந்துபோயிருந்தார். ஏனுங்கம்மா, அப்ப நீங்களே போயித் தொறந்து எடுத்துக்கங்க, நான் தடுக்கலீங்க என்றார்.

அம்மா வட்டத்தின் ஓரம் வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். தபாலைத் தொடாமல் எப்படி என்று கேட்ட அதே அம்மாவின் கால் நகரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை பேர் பார்க்கும்போது என் அம்மா பயந்து நிற்கிறாளே என்று உடம்பெல்லாம் கூசியது.

சித்தி ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வேண்டாங்கா. போனாப் போவுது. எனக்குப் படிப்பே வேண்டாங்கா, நீ வா.”

சொல்லிவிட்டுச் சித்தி தரையில் உட்கார்ந்து, பாத்திரம் கழுவின கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் கையில் அந்த ரசீது கசங்கியிருந்தது. கேனின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. எட்டு மாதம் ஏறி இறங்கி வாங்கின காகிதம் என் இரண்டு கைப்பிடிச் சுண்ணாம்பினால் எரியப் போகிறது. ஜெயிலுக்குப் போக எனக்குத் தைரியமில்லை. ஆனால் பையைத் தொட எனக்கு என்ன பயம்? அந்தப் பஸ் ஸ்டாண்டில், அந்த ஊரில், அந்த மலையிலேயே, அந்தப் பையைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் நான்தான்.

ஓடினேன். வட்டத்தைத் தாண்டும்போது கூட்டம் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பையின் பக்கத்தில் மண்டியிட்டு, விட்டுப்போன தையலை இரண்டு கையாலும் பிய்த்தேன். குப்பென்று வெள்ளைத் தூள் முகத்தில் அடித்தது. கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினேன். கார்டுகள், இன்லேண்டுகள், அப்புறம் நீளமாக, கனமாக, சித்தியின் கவர். இழுத்து எடுத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். தலைமுடி, முகம், கை, பாவாடை எல்லாம் வெள்ளை. சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அந்த மாதிரி நான் நின்றதில்லை.

அப்புறம் ஒரு ஆள் ஓடி வருகிற சத்தம். அம்மா.

அம்மா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. நேராக வந்து பைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் பிய்த்த ஓட்டைக்குள் தன் இரண்டு கையையும் விட்டாள். கவரைத்தான் நான் எடுத்துவிட்டேனே! அதைச் சொல்லியும் பார்த்தேன். அம்மா காதில் வாங்கவில்லை. முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அந்த வெள்ளைக் கையாலேயே என்னை இழுத்து அணைத்து, என் கன்னத்தோடு கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். இப்போது இரண்டு பேரும் வெள்ளை.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். தாயும் புள்ளையும் பாருங்கப்பா என்று ஒரு குரல். எனக்குச் சுருக்கென்றது. ஓடினது நான், பிய்த்தது நான், எடுத்தது நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகு தைரியம் வந்து, கடைசியில் ஓடி வந்து கையை விட்டால், அதற்கும் கை தட்டலா?

எங்கள் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, யாருடையதோ பெரிய சட்டைகளைக் கொடுத்து, ஒரு தனி அறையில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவுக்கு வெளியே சித்தி கவரை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். அவளையும் யாரும் தொடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரைக் கூட்டி வந்தார்கள். அடைப்பானை நேரில் பார்த்த ஆள் அவர் ஒருவர்தான் என்று யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. அவர் கழற்றிப் போட்டிருந்த என் பாவாடையைக் குச்சியால் தூக்கிப் பார்த்தார். குச்சியைப் போட்டுவிட்டுக் கையால் தொட்டார். விரலில் எடுத்துத் தேய்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

“தோட்டத்துக்குப் போடுற சுண்ணாம்புங்க! எவனோ மூட்டையை பஸ்ஸுல ஏத்தியிருக்கான், பையில கொட்டிப்போச்சு.”

அந்த பஸ்ஸில் சுண்ணாம்பு என்ன, ஆடு, கோழி, உர மூட்டை, ஒரு தடவை கட்டில்கூட வந்திருக்கிறது. அதனால் கண்டக்டராலும் மறுத்துப் பேச முடியவில்லை. அவருக்கு உயிர் திரும்பி வந்ததே பெரிதாக இருந்தது. கம்பவுண்டர் போகும்போது என்னைக் குனிந்து பார்த்து, உங்க ஊட்டுல சுண்ணாம்பு இருக்குதா கண்ணு என்று கேட்டார். நான் இல்லீங்க என்றேன். நொம்ப நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சித்தி அந்தக் கவரை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை தானே நேரில் போகிறேன் என்றாள். அம்மா விடவில்லை. ரிஜிஸ்டர் போட்ட தபால் ரிஜிஸ்டராத்தான் போவோணும் என்று சொல்லி, அந்தப் பெரிய சட்டையோடு, ஈரத் தலையோடு, டவுன் போஸ்டாபீஸுக்கு நடந்தாள். பின்னாலேயே நானும் சித்தியும் போனோம். எங்களுக்குப் பின்னால் பாதி பஸ் ஸ்டாண்டு வந்தது. கவுன்ட்டரில் அம்மா கவரை வைத்தாள். உள்ளே இருந்தவர் ஒரு நொடி தயங்கிவிட்டு, வெறுங்கையால் எடுத்தார். டொக்கென்று முத்திரை விழுந்தது. சேலம் போகிற கடைசித் தபாலில் அது ஏறியது. திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. சித்தி நர்ஸானாள். இன்றைக்குச் சேலத்தில் அவள் வார்டுக்குள் நடந்து வந்தால் டாக்டர்களே கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

ஊருக்குத் திரும்பினபோது ஜீப் ஹாரன் இடைவிடாமல் அடித்தது. அதே டிரைவர்தான். இந்த முறை இறங்கி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். பாய் பெட்ரோமாக்ஸ் ஏற்றினார், பன் கொடுத்தார், தன் மகன் போட்ட கார்டைக் கல்லுக்கு அடியிலிருந்து எடுத்து எல்லாருக்கும் முன்னால் முத்தம் கொடுத்தார். அப்பா நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டு என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமையிலிருந்து போஸ்டாபீஸில் ஒரே கூட்டம். இடுக்கி கொண்டுவந்த அத்தை, பாப்பா கையால குடுங்க, ஒண்ணும் ஆவாது என்று கேட்டு வாங்கினாள். கடிதம் கொடுக்கிற அண்ணனின் இடுப்பு வலி சரியாகிவிட்டது. விசாரிக்க வந்த மேலதிகாரி பையின் கிழிசலைப் பார்த்து முகம் சுளித்தார். அம்மா தான் எழுதின மூன்று கடிதங்களின் நகலை எடுத்து மேஜையில் வைத்தாள். அடுத்த வாரம் புத்தம் புதுப் பை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது, உபரியாக.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், பிரேயரின்போது, ஹெட்மாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டு ஒரு பேனா கொடுத்தார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் பேச்சில் பாதிக்குமேல் என் அம்மாவைப் பற்றி இருந்தது. இப்படிப்பட்ட தாய்க்குத்தான் இப்படிப்பட்ட பிள்ளை பிறக்கும் என்றார். நான் பேனாவை வாங்கிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வட்டத்துக்கு வெளியே அம்மா பயந்து நின்றதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

சுண்ணாம்பு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வளர வளரச் சொல்வது இன்னும் கஷ்டமாகப் போனது. போன வருஷம், என் மகளுக்கும் அதே வயதானபோது, லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அம்மா ரிட்டயராகி, முன்னறையில் இப்போது அப்பாவின் நாற்காலிதான் இருக்கிறது. பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். பை, பால் பொங்கியது, பாவாடை மடிப்பு, இரண்டு கைப்பிடி, எல்லாம். அம்மா என்னையே பார்த்தாள். சிரிக்கப் போகிறாளா, இந்த வயதில் முதுகில் ஒன்று வைக்கப் போகிறாளா என்று தெரியவில்லை. சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

“அடிப்பாவி, நீ போட்ட சுண்ணாம்பா அது? நான் அடைப்பான்னுதான் நெனைச்சேன்.”

கம்பவுண்டர் வந்து சொல்லும் வரைக்குமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அப்படியென்றால் பைக்குள் கையை விட்டபோது? ஆமாம், அப்பவும் அதேதான் நெனைச்சேன் என்றாள். எனக்குப் புரியவில்லை. கவருக்காகப் போகப் பயந்து வெளியே நின்றவள், கவர் என் கைக்கு வந்த பிறகு எதற்கு உள்ளே கையை விட்டாள்? இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டே விட்டேன். இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்பதுபோல அம்மா என்னைப் பார்த்தாள்.

“உன்ற கை உள்ள போயிருச்சு. அப்பறம் என்ற கைய வெளிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

சொல்லிவிட்டு, பேத்திக்குத் தலை பின்னப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி அறையின் அந்த முக்கால் மணி நேரம் ஒவ்வொரு நிமிஷமாகத் திரும்பி வந்தது. அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், தன் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். என்னை ஒட்டி உட்கார நகர்ந்து நகர்ந்து வந்தாள். எனக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியை வாங்கிக்கொண்டாளே என்ற கோபத்தில், அவள் நகர்ந்து வர வர, நான் தள்ளித் தள்ளிப் போய் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தேன்.